லாத்தா வீட்டு கேமரா பொட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கள் கடலோரத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் எல்லாம் இப்போது கேமரா இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வாசலில் ஒன்று, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, கொல்லையில் ஒன்று. நான்கின் வயரும் படுக்கையறை அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போய் முடியும். அதன் பெயர் டிவிஆர். எங்கள் வீட்டில் கேமரா பொட்டி.

திருடனுக்குப் பயந்து வாங்கியது என்று சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் சவுதியின் தம்மாமிலும் துபாயிலும் இருப்பவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு தன் வீட்டு வாசலைப் பார்ப்பதற்காகத்தான் அது ஓடுகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஊர் வருகிற மனிதருக்கு வாசல் விளக்கு எரிவதைப் பார்ப்பதே பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஒரு வசதிக்காகப் பெட்டியை இன்டர்நெட்டில் இணைக்கும்போது வீட்டின் சாவி யார் யார் கைக்குப் போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. கேமரா மாட்ட வருகிற பையன் மௌஸைப் பிடித்து நாலு பக்கம் தட்டி, "ஓகே, வருது பாருங்க" என்று போனைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான். அவன் தட்டிய அந்த நாலு பக்கம்தான் இந்தக் கட்டுரை. நான் இந்தத் தொழிலில் இருப்பவன் இல்லை. சொந்தபந்தத்தில் எவர் வீட்டில் பெட்டி மக்கர் செய்தாலும் கூப்பிடப்படுகிற ஆள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். போனில் "ஆஃப்லைன்" என்று வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. டிவிஆர் என்பது கேமராவிலிருந்து வயர் வழியே வரும் படத்தை நேராகத் தன் ஹார்ட் டிஸ்கில் எழுதுகிற கருவி. இன்டர்நெட் அறுந்து ஒரு வாரம் ஆனாலும் அது தன் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியாது. மாறாக, வீட்டு டிவியில் பார்க்கும்போதே ஒரு கட்டம் மட்டும் கறுத்து "வீடியோ லாஸ்" என்று வந்தால், அது நெட்வொர்க் சமாச்சாரமே இல்லை. வயரைப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இந்த இரண்டாவது வகை அதிகம், காரணம் உப்புக்காற்று. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் போதும், கேமராவின் வால் வயரும் கோ ஆக்ஸ் வயரும் சேரும் பிஎன்சி முனையில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். மாட்டுகிறவர்கள் அந்த இணைப்பைச் சுவரில் அப்படியே தொங்கவிட்டு மேலே கொஞ்சம் கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போவார்கள். அந்த டேப் வெயிலில் பிசின் உருகி அவிழ்ந்து, ஐப்பசி மழையில் தண்ணீரை உள்ளேயே தேக்கி வைத்துக்கொள்ளும். இணைப்புகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், வயர் கீழ்ப்பக்கமாக நுழையும்படி இருந்தால் பாதித் தொல்லை தீரும். வயர் வாங்கும்போதும் ஒரு சோதனை உண்டு. நடுக்கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம் அல்லது எஃகுக் கம்பிக்குத் தாமிரப் பூச்சு. உப்பும் ஈரமும் சேரும் இடத்தில் இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வேகமாக நடக்கும். மதுரையில் பல வருஷம் ஓடுகிற வயர் கீழக்கரையில் ஓடாது.

சரி, நெட்வொர்க்குக்கு வருகிறேன்.

லாத்தா வீட்டில், அதாவது என் அக்கா வீட்டில், நடந்ததைச் சொன்னால் விளங்கும். பழைய டெலிபோன் கம்பி வழி வந்த இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். புது ரவுட்டர் வந்தது. போன்கள் எல்லாம் பறந்தன. அன்றைக்கு ராத்திரியே தம்மாமிலிருந்து லாத்தாவின் கணவர், என் மச்சான், அழைத்தார். "மாப்ளே, கேமரா ஆஃப்லைன்னு காட்டுது, ஃபைபர்காரன் ஏதோ புடுங்கிட்டான் போல, போய்ப் பாரு." ஃபைபர்காரர் எதையும் பிடுங்கவில்லை. நீல வயர் புது ரவுட்டரில் சரியாகத்தான் குத்தியிருந்தது, விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தது.

டிவிஆரில் மௌஸை வைத்து மெனுவுக்குள் போய், நெட்வொர்க், அதற்குள் டிசிபி/ஐபி என்கிற பக்கத்தைத் திறந்தால் நாலு எண்கள் இருக்கும். ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். லாத்தா வீட்டுப் பெட்டியில் ஐபி 192.168.1.108 என்றும் கேட்வே 192.168.1.1 என்றும் கையால் அடித்து வைத்திருந்தது. பழைய ரவுட்டர் 192.168.1.1. புது ரவுட்டரோ 192.168.100.1. அவ்வளவுதான் வியாதி.

இதை ஒரு தெருவாக நினைத்துக்கொண்டால் போதும். 255.255.255.0 என்ற மாஸ்க் சொல்வது, முதல் மூன்று எண்கள் தெருப்பெயர், கடைசி எண் கதவு எண் என்பது. கேட்வே தெருமுனை, ஊரை விட்டு வெளியே போக அது ஒன்றுதான் வழி. ரவுட்டர் மாறியபோது தெருவே மாறிவிட்டது. போன்கள் புதுத் தெருவில் புதுக் கதவு எண் வாங்கிக்கொண்டன. டிவிஆர் மட்டும் இல்லாத பழைய தெருவின் முனையைத் தேடிக்கொண்டிருந்தது.

192.168 என்று தொடங்கும் இந்த எண்கள் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் புழங்க என்று சில எண் வரிசைகளை 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். வெளி இன்டர்நெட்டில் இவற்றுக்கு மதிப்பில்லை. அதனால் என் வீட்டு 192.168.1.108-ஐ இங்கே எழுதினாலும் யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது. பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே ஒரு எண்ணோடு வருவதும் உண்டு. தாஹுவா கருவிகள் 192.168.1.108, ஹிக்விஷன் கேமராக்கள் 192.168.1.64. மாட்டுகிறவர் அதை மாற்றாமலே விட்டுவிடுவது சகஜம்.

தீர்வு எளிது. அதே பக்கத்தில் டிஹெச்சிபி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு அப்ளை கொடுத்தால், பெட்டி ரவுட்டரிடம் கேட்டு நாலு எண்ணையும் தானே வாங்கிக்கொள்ளும். சில நொடிகளில் 192.168.100-இல் தொடங்கும் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. வீட்டிலிருந்து பார்க்க மட்டும் ஆசைப்படுகிறவர் இத்தோடு எழுந்து போய்விடலாம்.

ஆனால் டிஹெச்சிபி கொடுக்கிற எண் நிரந்தரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் வேறு எண் வரலாம். வீட்டுக் கணினியில் ஐபி அடித்துப் பார்ப்பவர்களுக்கு அது தலைவலி. அதற்காகப் பலர் செய்வது, வந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு, டிக்கை எடுத்துவிட்டு, அதே எண்ணையோ பக்கத்து எண்ணையோ கையால் அடித்துவிடுவது. அங்கேதான் அடுத்த வம்பு காத்திருக்கிறது. அந்த எண் காலியாக இருக்கிறது என்று நினைத்து ரவுட்டர் நாளைக்கு விருந்தாளி போனுக்குக் கொடுத்துவிடும். இரண்டு கருவிக்கு ஒரே எண். கேமரா ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. இந்த "ஒரு நேரம் வரும்" ரகப் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் உலகத்திலேயே எரிச்சலான வேலை. சரியான வழி, ரவுட்டரின் பக்கத்தில் போய் டிவிஆரின் மேக் எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) காட்டி, இவருக்கு இந்த ஐபி என்று ஒதுக்கிவிடுவது. டிவிஆரில் டிஹெச்சிபி அப்படியே இருக்கட்டும். ரவுட்டரில் அந்த வசதி கிடைக்கவில்லை என்றால், ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் வரிசையை 2 முதல் 150 வரை என்று சுருக்கிவிட்டு, பெட்டிக்கு 200 கொடுங்கள். மோதல் வராது.

நாலாவது எண்ணான டிஎன்எஸ்ஸை யாரும் மதிப்பதில்லை. ஐபி சரி, கேட்வே சரி, வயர் சரி, ஆனாலும் ஆஃப்லைன் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. தன்னைத் தயாரித்த கம்பெனியின் சர்வரைப் பெட்டி அதன் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறது. பெயரை எண்ணாக மாற்றித் தர டிஎன்எஸ் வேண்டும். அந்தக் கட்டம் காலியாகவோ, பழைய ரவுட்டரின் எண்ணோடோ இருந்தால் பெட்டி தேடிக்கொண்டே இருக்கும். 8.8.8.8 என்று அடியுங்கள், இரண்டாவதாக 1.1.1.1. முதலாவது கூகுள் நடத்துவது, இரண்டாவது கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1 அன்று திறந்தது. தேதியைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் என்று நினைக்க வேண்டாம், 4/1 என்றால் நாலு ஒன்று வருகிறதே என்று அவர்களே விரும்பித் தேர்ந்தெடுத்த நாள்.

இனி, தம்மாமிலிருந்து பார்ப்பது எப்படி என்ற கேள்வி. இதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பணம் கொடுத்து கேமரா வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பழைய வழிக்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். வெளியிலிருந்து வீட்டு இணைப்பின் எண்ணைத் தேடி யார் வந்தாலும், இந்தக் கதவைத் தட்டினால் டிவிஆரிடம் அனுப்பு என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பது. இந்தக் கதவுக்குப் பெயர்தான் போர்ட், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஹிக்விஷனுக்கு 8000, தாஹுவாவுக்கு 37777, வீடியோ ஓட்டத்துக்கு 554, உலாவியில் பார்க்க 80. கதவைத் திறந்து வைத்தால் மச்சானும் வரலாம், உலகத்தில் வேறு யாரும் வரலாம். இன்டர்நெட்டில் திறந்த கதவுகளைத் தேடிக்கொண்டே ஓடுகிற நிரல்கள் ராப்பகலாக இருக்கின்றன. அவற்றுக்குக் கீழக்கரை எது, கலிஃபோர்னியா எது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2016-இல் மிராய் என்று ஒரு நிரல் கிளம்பியது. அது கணினிகளைத் தேடவில்லை. டிவிஆர், கேமரா, ரவுட்டர் இவற்றைத் தேடியது. அதன் கையில் இருந்த ஆயுதம், தொழிற்சாலையிலேயே வைக்கப்படும் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60. அட்மின், அட்மின். ரூட், 12345. இப்படி. டெல்நெட் என்ற பழைய வாசல் வழியே அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து லட்சக்கணக்கான பெட்டிகளுக்குள் நுழைந்தது. நுழைந்த பெட்டி தன் வேலையையும் செய்துகொண்டு, சொல்லும்போது சொன்ன இடத்தின் மேல் தரவு வெள்ளத்தைக் கொட்டும். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் அப்படிக் கொட்டியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் பல மணி நேரம் திணறின. வீட்டு வாசலைப் பார்க்க வைத்த பெட்டிகள் செய்த வேலை. மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் வியாபாரத்தில் போட்டியாளரை விழ வைக்கத்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளியே வந்தது. இதில் இன்னொரு கொடுமை, சில பெட்டிகளில் உரிமையாளர் திரையில் பாஸ்வேர்டை மாற்றினாலும் உள்ளே இருந்த டெல்நெட் கணக்கு மாறவே இல்லை. ஆக, நல்ல பாஸ்வேர்டு வைத்தால் போதும் என்பதும் முழு உண்மை இல்லை. கதவே திறந்திருக்கக் கூடாது.

நம் ஊரில் ஒரு வகையில் கடவுள் காப்பாற்றிவிட்டார். அல்லது எண் பஞ்சம் காப்பாற்றியது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலக அளவில் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பிடம் இருந்த கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துவிட்டன. அதனால் இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி எண்ணைக் கொடுக்கின்றன. இதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு வரிசையை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் மெனுவில் வான் (WAN, அதாவது வெளி இணைப்பு) என்ற பக்கத்தில் ஐபி இந்த வரிசையில் இருந்தால், நீங்கள் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஒரு ஈ கூட உள்ளே வராது. இது தெரியாமல் போர்ட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி ஒரு நாளையே தொலைத்த டெக்னீஷியன்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒருவர் "உங்க ஏரியா நெட்டே சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வழி இப்போது எல்லாரும் பயன்படுத்துவது. பிடுபி என்று இருக்கும், அல்லது பிளாட்ஃபார்ம் ஆக்சஸ் என்று இருக்கும். இதில் பெட்டி கதவைத் திறந்து வைப்பதில்லை. தானே வெளியே போய்க் கம்பெனி சர்வரில், இந்த வரிசை எண் கொண்ட பெட்டி நான், இங்கே இருக்கிறேன் என்று பதிந்துவிட்டுத் தொடர்பில் இருக்கும். போன் ஆப்பும் அதே சர்வருக்குப் போகும். சர்வர் இரண்டையும் கோத்துவிடும். முடிந்தால் நேரடியாக, முடியாவிட்டால் தன் வழியாகவே படத்தை அனுப்பும். உள்ளிருந்து வெளியே போகிற தொடர்பு என்பதால், பகிர்ந்த ஐபி இதைத் தடுக்காது. பக்கத்தைத் திறந்து, எனேபிள் கட்டத்தில் டிக் போட்டு, ஸ்டேட்டஸ் ஆன்லைன் என்று மாறுகிறதா பார்த்தால் வேலை முடிந்தது. சாதாரண வீட்டுக்கு இது போதும் என்பேன். ஆனால் ஒன்று, கம்பெனி சர்வரை நம்புகிறோம் என்பது மனதில் இருக்கட்டும். அந்த நம்பிக்கையைக் கொஞ்சமாவது சோதிக்கத்தான் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. 2024 ஏப்ரலில் அறிவித்து 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் பில் போடும் முன் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

அதே மெனுவில் யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும். டிவிஆர் தானாகவே ரவுட்டரிடம் சொல்லிப் போர்ட் திறந்துகொள்ளும் வசதி. அதை அணைத்துவிடுங்கள். நம்மைக் கேட்காமல் கதவு திறக்கிற வேலைக்காரன் எதற்கு?

அடுத்து நேரம். அலட்சியப்படுத்தப்படுகிற பக்கங்களில் இதற்குத்தான் முதலிடம்.

பெரும்பாலான பெட்டிகள் சீனத் தயாரிப்பு. சிலவற்றில் நேர மண்டலம் ஜிஎம்டி +8 என்றே இருந்துவிடும். நமக்கு +5:30. ஆக, பெட்டியின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். மச்சான் இருப்பதோ +3, நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னே. இங்கே இரவு 8 மணி என்றால் அவர் போனில் மாலை 5:30, அவர் பார்க்கிற படத்தின் மூலையில் 10:30. "ராத்திரி பத்தரைக்கு யாரு வாசல்ல நிக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டாராம். இஷா தொழுகைக்குப் போய்விட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன். லாத்தாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

யாராவது கையால் கடிகாரத்தைத் திருத்தி வைத்தாலும் நிலைக்காது. என்டிபி என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் அது சர்வரிடம் நேரம் கேட்டு, தன் மண்டலத்துக்கு ஏற்பத் திரும்பத் தப்பாகவே மாற்றிக்கொள்ளும். முதலில் மண்டலத்தை +5:30-க்கு மாற்ற வேண்டும். பிறகு என்டிபியை ஆன் செய்து, சர்வர் கட்டத்தில் பூல்.என்டிபி.ஓஆர்ஜி என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, போர்ட் 123 என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ள வேண்டும். டிஎஸ்டி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளுகிற நாடுகளுக்கு. நம் கோடைக்குக் கடிகாரத்தைத் தள்ளி ஒரு பயனும் இல்லை. பழைய பெட்டி, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி 2000-த்துக்குப் போகிறது என்றால் உள்ளே நாணய பேட்டரி செத்துவிட்டது. பல பெட்டிகளில் அதை மாற்றலாம், செலவு சொற்பம்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. ஒரு வண்டி திருடு போய்ப் போலீஸ் வந்து பதிவைக் கேட்டால், முதலில் பார்ப்பது மூலையில் உள்ள நேரத்தைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண், கோப்பு மாறினால் அதுவும் மாறும்) அந்தச் சான்றிதழில் இடம்பெறும். கோப்பு மாறவில்லை என்று அவ்வளவு கறாராக நிரூபித்துவிட்டு, அதில் உள்ள நேரம் பெய்ஜிங் நேரம் ஐயா என்று சொல்லிக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்?

படம் விட்டு விட்டு வருகிறது என்பது இன்னொரு புகார். "நூறு எம்பி நெட்டு போட்டிருக்கோமே" என்பார்கள். வெளியூரிலிருந்து பார்க்கும்போது நம் வீட்டின் இறக்க வேகம் முக்கியமில்லை, ஏற்ற வேகம்தான் முக்கியம். பழைய கம்பி இணைப்பில் ஏற்றம் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. ஃபைபரில் அந்தத் தொல்லை குறைவு. இருந்தும், 1080 படத்தை ஹெச்.264 என்ற படச் சுருக்க முறையில் 4 எம்பிபிஎஸ் வீதம் அனுப்பினால் நாலு கேமராவுக்கு 16 எம்பிபிஎஸ். போனுக்கு அவ்வளவு தேவையே இல்லை. அதற்கென்று சப் ஸ்ட்ரீம் என்று தனியாக ஒரு மெலிந்த படம் இருக்கிறது. அதை 512 கேபிபிஎஸ்ஸில் வையுங்கள். மெயின் ஸ்ட்ரீம் ஹார்ட் டிஸ்குக்கு. இதே கணக்கு டிஸ்குக்கும் உதவும். 16 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாளைக்கு 172 ஜிபிக்கு மேல், 1 டிபி டிஸ்க் ஆறு நாளைக்குக் கூடத் தாங்காது. பெட்டியும் கேமராவும் இடம் கொடுத்தால் இன்னும் நன்றாகச் சுருக்கும் ஹெச்.265-க்கு மாற்றி, கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் வைத்தால் பதினோரு நாள் வரும். ஒரு மாசம் இருக்கும் என்று சொல்லி விற்றிருந்தால் கடைக்காரரிடம் இந்தப் பெருக்கலைக் காட்டுங்கள்.

யுபிஎஸ் பற்றியும் ஒரு வரி. டிவிஆருக்கு மட்டும் கொடுத்து ரவுட்டரையும் ஃபைபர் டப்பாவையும் விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போனால் பெட்டி ஓடும், ஊர் உலகத்துக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே சொல்ல வேண்டியிருந்தது. யாருடைய பெட்டி இது?

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. லாத்தா வீடு லாத்தாவுடையது, பத்திரம் அவள் பெயரில். மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. ஆனால் கேமரா பொட்டியின் அட்மின் பாஸ்வேர்டு மச்சானிடம் இருந்தது. பாஸ்வேர்டை மறந்தால் மீட்கிற மெயில் முகவரியோ கேமரா மாட்டிய பையனுடையது. ஆப்பில் பெட்டியை முதலில் சேர்த்ததும் அந்தப் பையனின் கணக்கில். பல ஆப்களில் முதலில் சேர்த்தவர்தான் உரிமையாளர், மற்றவர்களுக்கு அவர் பகிர்ந்து கொடுக்கிறார், அவ்வளவே. அதாவது லாத்தா வீட்டுக் கொல்லையை மச்சான் பார்ப்பதே அந்தப் பையனின் தயவில். பையன் நல்லவன்தான். ஆனால் அவன் போன் தொலைந்தால்? கடையை விட்டுவிட்டு அவனும் சவுதிக்குப் போய்விட்டால்? வீட்டில் இருக்கிற ஒரே ஆள், அந்த கேமராக்களின் கீழே காலையிலிருந்து இரவு வரை நடமாடுகிற ஆள், அவளுக்கு எந்தப் பாஸ்வேர்டும் தெரியாது. "எனக்கு எதுக்குத் தம்பி அதெல்லாம்" என்றுதான் அவளும் சொன்னாள்.

நான் விடவில்லை. பையனுக்குப் போன் போட்டுப் பெட்டியை அவன் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னேன். தயங்காமல் செய்தான், இதை யாரும் கேட்டதே இல்லை என்றான். லாத்தா போனில் அவள் பெயரில் கணக்குத் திறந்து, பெட்டியின் கியூஆர் கோடை அவளே காட்டிச் சேர்த்தாள். அட்மின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. மீட்பு மெயில் அவளுடையது. பாஸ்வேர்டை அவள் தன் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். காகிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்கிறவர்களை நான் ஏற்கவில்லை. இன்டர்நெட்டில் திரிகிற நிரலுக்கு லாத்தாவின் பீரோவைத் திறக்க வராது.

மச்சானுக்குத் தனிப் பயனர் கணக்கு. டிவிஆரில் ஒவ்வொரு பயனருக்கும் எந்தக் கேமரா, நேரலை மட்டுமா, பழைய பதிவும் பார்க்கலாமா, அமைப்புகளை மாற்றலாமா என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். வாசல், வண்டி, மாடிப்படி மூன்றும் அவருக்கு உண்டு, பதிவும் பார்க்கலாம். கொல்லைக் கேமரா கிடையாது. அங்கே துணி காய்கிறது, பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் யாரும் தம்மாம் வரைக்கும் தெரிய வேண்டும் என்று வந்து உட்காரவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் தெரிகிற மூலையை மறைக்க, பிரைவசி மாஸ்க் என்று ஒரு கறுப்புக் கட்டம் போடும் வசதியும் அதே பெட்டியில் இருக்கிறது. போட்டாயிற்று.

மச்சான் முதலில் கொஞ்சம் முறைத்தார். "என் காசுல வாங்குன கேமரா மாப்ளே" என்றார். வீடு யாருடையது மச்சான் என்று கேட்டேன், சிரித்துவிட்டார். போன வாரம் திரும்பவும் அழைத்து, கொல்லைக் கேமராவை இரவு நேரத்துக்கு மட்டுமாவது தன் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பெட்டியில் நேரம் பார்த்து அனுமதி கொடுக்கும் வசதி இல்லை. முடியும், முடியாது என்பதை அட்மினிடம் கேளுங்கள் என்று சொல்லி லாத்தாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.